பன்னிரண்டு கிண்ணங்களில் அஞ்சம்மாள்

அஞ்சம்மாள் தன் காதைத் திருப்பிக் கேட்டு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு மூன்றே நாள் கழித்து, வெள்ளிக்கிழமையன்று, அந்தக் காதை வைத்துத்தான் ஞானஜோதி ஒரு பெரிய சோதனை செய்வதாக இருந்தாள்.

காது என்றால் முழுக் காது இல்லை. கம்மலின் கனம் தாங்காமல் அறுந்து தொங்கிய மடல்களைத் தைக்கும்போது டாக்டர் வெட்டியெடுத்த சதை, பட்டாணி அளவில் இரண்டு துண்டு. அதிலிருந்த உயிரணுக்களைப் பிரித்து, பாட்டிலில் போட்டு, ஆறு வாரம் ஊட்டி வளர்த்து, பன்னிரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் பன்னிரண்டு குட்டித் தோலாக ஆக்கி வைத்திருந்தாள் ஞானஜோதி. ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணய அளவு, நனைந்த அப்பளம் மாதிரி வெளுத்துக் கிடக்கும். பார்க்கிறவர்களுக்கு இதற்கா இந்தப் பாடு என்றுதான் தோன்றும். ஆனால் அது உயிருள்ள மனிதத் தோல். கீழே தடித்த அடுக்கு, மேலே மெல்லிய அடுக்கு, நம் கையில் இருப்பதைப் போலவே.

அது வளர்ந்த இடத்தைச் சொன்னால் இன்னும் நம்பமாட்டார்கள். 1991-இல், குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடி. கீழே காலை ஆறு மணியிலிருந்து பிள்ளைகள் தட்டித் தள்ளுவார்கள். மேலே ஞானஜோதி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தைத் தூக்குவாள். பேராசிரியர் பட்டாபிராமன் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு சும்மா இருக்க முடியாமல் ஒரு அறக்கட்டளையைப் பிடித்து ஆரம்பித்த ஆராய்ச்சிக் கூடம் அது. இரண்டு அறை, ஒரு இன்குபேட்டர், ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஃபிரிட்ஜ், ஒரு ஞானஜோதி. அவ்வளவுதான் சொத்து.

ஞானஜோதிக்கு இருபத்தெட்டு வயது. விலங்கியலில் எம்.எஸ்ஸி. மேற்குத் தாம்பரத்திலிருந்து தினமும் எலெக்ட்ரிக் டிரெயினில் வருவாள். கல்யாணப் பேச்சு எடுக்கிற உறவுக்காரர்கள் வேலையைப் பற்றி விசாரித்தால், "தோல் வளர்க்கிறேன்" என்பாள். அதற்கப்புறம் அவர்கள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அது அவளுக்கு வசதியாகவே இருந்தது.

சோதனை என்னவென்றால், ஒரு களிம்பு. குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் இருந்த தோல் பதனிடுகிற ஷாப்பு ஒன்றில், ஆரஞ்சு நிற குரோம் உப்பைத் தண்ணீரில் கரைத்து, வெல்லப்பாகு ஊற்றிக் கலக்குகிற ஆட்களுக்குக் கையில் பொத்தல் விழும். வட்டமாக, ஆணி அடித்துப் பிடுங்கிய மாதிரி. ஆற மாசக்கணக்கில் ஆகும். முழங்கை வரை ரப்பர் கையுறை வேண்டும் என்று ஆட்கள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கையுறை போட்டால் வேலை மந்தமாகும் என்று முதலாளி தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு கம்பெனிக்காரன், "கையுறை எதற்கு, எங்கள் களிம்பைத் தடவினால் போதும்" என்று வந்து நின்றான். முயல் முதுகில் தடவிப் பார்த்துத் தேறிவிட்டதாம். முயல் எந்தக் காலத்தில் குரோம் தொட்டிப் பக்கம் எட்டு மணி நேரம் நின்றது என்று பட்டாபிராமன் கேட்டார். மனிதத் தோலில் பார்த்துச் சொல்லுகிறேன், அதுவரை பொறுங்கள் என்றார். முதலாளி மாசக் கடைசி வரைதான் பொறுப்பேன் என்றார். மாசக் கடைசிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

மனிதத் தோலுக்கு எங்கே போவது? பல்லாவரத்தில் சின்ன நர்சிங் ஹோம் வைத்திருந்த டாக்டர் தேவானந்தம் கைகொடுத்தார். புதன்கிழமைதோறும் அவர் காது தைப்பார். வெட்டிப் போடுகிற சதையைக் குப்பையில் போடுவதற்குப் பதில் ஞானஜோதி கொடுத்த பாட்டிலில் போட்டு அனுப்புவார். முதலில் வந்த மூன்று பேருடைய சதையும் வீணாகப் போயிற்று. ஒன்றில் பூஞ்சை பிடித்தது. ஒன்று கரண்ட் போன அன்று இன்குபேட்டரில் சூடு இறங்கிச் செத்தது. மூன்றாவது ஏனோ வளரவே மாட்டேன் என்றது. நாலாவதாக வந்தது பல்லாவரம் அஞ்சம்மாள். அது பாட்டிலில் போட்ட மறுநாளே ஒட்டிப் பிடித்துக்கொண்டு சரசரவென்று பெருகிவிட்டது. ஞானஜோதி சந்தோஷத்தில், பாட்டிலின் மேல் தன் அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டினாள்: அஞ்சம்மாள், வயது 44, பல்லாவரம், இரு காது மடல்.

இந்த லேபிள்தான் வினையாயிற்று.

அன்றைக்குப் பதினொரு மணிக்கு மாடிப்படியில் திடுதிடுவென்று சத்தம். கதவைத் திறந்தால், ஆஜானுபாகுவாக ஒரு பெண். மாம்பழ நிறப் புடவை, இடுப்பில் சுருக்குப் பை, இடது காது நன்றாக ஆறியிருக்க, வலது காதில் பஞ்சு.

"நீதான் ஞானஜோதியா?"

"ஆமா. நீங்க?"

"அஞ்சம்மா. என் காத நீ வெச்சிகினு கீறியாமே. குடு."

 இத்தனை நாளாக ஞானஜோதி தினமும் இரண்டு வேளை பார்த்துப் பார்த்து வளர்த்த பெயர், இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே நிற்கிறது.

"உள்ள வாங்கக்கா, உட்காருங்க."

"குந்தறதுக்கு வரல. இங்க பாட்டிலு கொண்டாந்து குடுக்கற நர்சிங் ஓம் ஆயா எல்லாத்தையும் சொல்லிட்சி. பாட்டில்ல போட்டு, எம் பேரு, ஊரு, வயசு எல்லாம் எயுதி ஒட்டி வெச்சிகிறியாம். சதையும் பேரும் ஒரே எடத்துல கீது. ஒரு மந்திரவாதிக்கு இதுக்கு மேல இன்னா வோணும்? செய்வின வெக்கறதுக்குத் தலமுடி ஒண்ணு கெடச்சாலே போதும்னுவாங்க. நீ காதையே வெச்சிகினு கீற. இந்தா பாரு, ஒரு காது ஆறிட்சி, ஒரு காது சீயி வடியுது. நீ அங்க இன்னா பண்றியோ, இங்க வடியுது."

"அக்கா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அத நீ சொல்லாத. காது என்னுது."

 காது அவளுடையதுதான். எடுக்கும்போது யாரும் அவளைக் கேட்கவில்லை என்பதும் உண்மைதான். குப்பைக்குப் போவதை எடுத்தால் யாரைக் கேட்பது என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். பட்டாபிராமன் டெல்லிக்குப் போயிருந்தார், சனிக்கிழமைதான் வருவார். "சார் இல்லக்கா, நாளைக்கு வாங்க, ஒரு முடிவு சொல்றேன்" என்று கெஞ்சி அனுப்பிவைத்தாள். அஞ்சம்மாள் போகும்போது கதவு, ஜன்னல், பூட்டு எல்லாவற்றையும் ஒரு முறை நோட்டம் விட்டுவிட்டுத்தான் இறங்கினாள்.

ஞானஜோதி உடனே கீழே ஓடி, இன்ஸ்டிட்யூட் போனிலிருந்து தேவானந்தத்தைக் கூப்பிட்டாள். அவர் சிரித்தார்.

"அந்தம்மாவா? தையல் பிரிச்ச பத்தாம் நாளே வலது காதுல ஜிமிக்கிய மாட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தா. சீழ் வைக்காம என்ன செய்யும்? நான் மருந்து குடுத்துட்டேன், ஆறிடும்."

"அது சரி டாக்டர், இப்ப அவங்க தோலைக் கேக்குறாங்களே. குடுத்துட்டா சோதனை போச்சு. புதுசா வளர்க்க இன்னும் ரெண்டு மாசம் ஆகும். அதுக்குள்ள களிம்பை எல்லாருக்கும் குடுத்துடுவாங்க."

"இதுக்குப் போய் ஏம்மா கவலைப்படுறே. ஒரு துண்டு கோழித் தோல் வாங்கு. ஸ்பிரிட்ல போட்டு பாட்டிலை மூடு. இதாம்மா உங்க காதுன்னு குடுத்துடு. திருப்தியா கொண்டுபோய்ப் புதைச்சிடுவா. உனக்கும் வேலை நடக்கும்."

ஞானஜோதி ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். போன வாரம்தான் பொய் சொல்லுவதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருந்தாள். இருந்தாலும் அன்று சாயங்காலம் அவள் கால்கள் நேராக ஸ்டேஷனுக்குப் போகாமல் ராதா நகர்ப் பக்கம் திரும்பின. "தோல் மட்டும் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டபோது கோழிக்கடைக்காரர் அவளைப் பரிதாபமாகப் பார்த்து, சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னார். இது ஒரு பெண்மணியின் நிம்மதிக்காக, பல பேருடைய கைக்காக என்று தாம்பரம் போய்ச் சேரும்வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழையும்போதும் அது நல்ல காரணமாகத்தான் இருந்தது. ராத்திரி சாப்பாடுதான் இறங்கவில்லை.

புதன்கிழமை அஞ்சம்மாள் சொன்ன நேரத்துக்கு வந்தாள். ஞானஜோதி மேசை மேல் பாட்டிலை வைத்தாள். சுத்தமான பாட்டில், சுத்தமான ஸ்பிரிட், அதில் கத்தரித்து வட்டமாக வெட்டிய இரண்டு துண்டு.

"இந்தாங்கக்கா. உங்களுது."

அஞ்சம்மாள் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். குலுக்கினாள். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். விரலை விட்டு ஒரு துண்டை எடுத்து, கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நிமிண்டினாள். பிறகு ஞானஜோதியின் முகத்தைப் பார்த்தாள்.

"ஏம்மா, நா இன்னா யாவாரம் பண்றேன்னு உனுக்குத் தெரியுமா?"

"சந்தையில ஏதோ விக்கிறதா டாக்டர் சொன்னாரு."

"கோயி. இருவது வருசமா பல்லாவரம் வெள்ளிக்கெயம சந்தையில நாட்டுக்கோயி வித்துகினு கீறேன். கண்ண மூடிகினு தொட்டாலே சொல்லுவேன், இது எத்தினி மாசத்துக் கோயின்னு." துண்டை மறுபடி பாட்டிலில் போட்டாள். "இது பிராய்லரு. நாப்பது நாளு. அதுவும் நேத்து அறுத்தது."

 கையும் களவுமாகப் பிடிபடுவது என்பதை ஞானஜோதி அதுவரை செய்தித்தாளில்தான் படித்திருந்தாள். காது நுனி வரை சூடு ஏறியது. பாளையங்கோட்டையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் முன்னால் காபித் தட்டைக் கவிழ்த்தபோதுகூட இவ்வளவு வெட்கப்படவில்லை.

"மன்னிச்சிடுங்கக்கா," என்றாள். அழுகை வந்துவிட்டது. "தப்புதான். உங்களைக் கேக்காம எடுத்தது ஒரு தப்பு. இது ரெண்டாவது."

அஞ்சம்மாள் அவள் அழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சந்தையில் எத்தனையோ பேரைப் பார்த்தவள். எது நடிப்பு, எது நிஜம் என்று தெரியாதவள் இல்லை.

"கண்ணத் தொட. மெய்யாலுமே அத்த இன்னா பண்ற? அதக் காமி மொதல்ல. அப்பால நா எடுத்துகினு போறதா வேணாவான்னு பாக்கறேன்."

ஞானஜோதி அவளுக்குக் கை கழுவக் கொடுத்தாள். இன்குபேட்டரைத் திறந்து ஒரு கிண்ணத்தை எடுத்துக் காட்டினாள். ரோஸ் நிறத் தண்ணீரின் மேல், கம்பி வலையில், வெளுத்த அப்பளம். அஞ்சம்மாளுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இதுக்கா என்று உதட்டைப் பிதுக்கினாள். அடுத்து ஞானஜோதி தாய்ப் பாட்டிலை, அதாவது முதன்முதலில் வளர்ந்த பாட்டிலை, மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

அஞ்சம்மாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"இன்னாடி இது, மீனு கூட்டம் கணக்கா நீளம் நீளமா கீது. எல்லாமே நானா?"

"எல்லாமே நீங்கதான்."

"உசிரு கீதா?"

"இருக்கு. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை சாப்பாடு மாத்துறேன். மத்தவங்களோடது மூணும் செத்துப்போச்சுக்கா. உங்களோடது மட்டும்தான் கெட்டியா நின்னுது."

அஞ்சம்மாளின் முகத்தில் முதன்முதலாக ஒரு பெருமை ஓடியது. அதை மறைக்க அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்கம்மா உடம்பு வாகு. எட்டு பெத்தும் ஒரு நாளு படுக்கல." பிறகு, "சரி, வளத்து இன்னா பண்ணப் போற?"

ஞானஜோதி சொன்னாள். குரோம் தண்ணீர், கையில் விழும் பொத்தல், களிம்பு, கையுறை எல்லாவற்றையும் சொன்னாள். உயிரோடு இருக்கிற ஒருவருடைய கையில் குரோமை ஊற்றிப் பார்க்க முடியாது, அதற்காகத்தான் இந்தத் தோல் என்றாள். 

"எந்த ஷாப்பு?"

ஞானஜோதி சொன்னாள்.

"என் வூட்டுக்காரு அங்கதான் கீறாரு. முனிரத்தினம். தொட்டி வேல. ரெண்டு கையிலயும் நாலு ஓட்ட கீது. சோறு பெசைய மாட்டாரு, நா ஸ்பூனு வாங்கிக் குடுத்துக்கிறேன்." ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அந்தக் களிம்பு டப்பா ஒண்ணு அவருக்கும் குடுத்தாங்க, தடவிப் பாருன்னு. ஒண்ணுத்துக்கும் ஒதவலன்னாரு. நீ சரியா தடவலன்னு மேஸ்திரி திட்டிகிறான்."

இரண்டு பேரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள். இப்போது அது அஞ்சம்மாளுக்கும் அப்பளமாகத் தெரியவில்லை என்று ஞானஜோதிக்குத் தோன்றியது.

"வெச்சிக்கோ," என்றாள் அஞ்சம்மாள். "ஆனா ரெண்டு கண்டிசனு. ஒண்ணு, எம் பேரு அதுல இருக்கக் கூடாது. கியிச்சிப் போடு."

"நம்பர் போட்டுக்கலாமா? நாலாவதா வந்தது, நாலுன்னு?"

"போடு. நம்பருன்னா எந்த மந்திரவாதிக்கும் ஒண்ணும் புரியாது. என் ரேசன் கார்டு நம்பரே எனுக்குத் தெரியாது. ரெண்டாவது, இன்னொரு தபா கோயிக் கத சொல்லக் கூடாது. நல்லதோ கெட்டதோ, அது இன்னா ஆவுதோ, அத்த எங்கைல நேரா சொல்லணும். மொதல்ல எனுக்குத்தான் சொல்லணும்."

"சொல்றேன்க்கா. சத்தியமா."

"சத்தியம்லாம் வேணாம். சொன்னாப் போதும்."

ஞானஜோதி லேபிளைக் கிழித்தாள். அஞ்சம்மாள் அந்தக் காகிதத்தை வாங்கிச் சின்னச் சின்னதாகக் கிழித்துச் சுருக்குப் பைக்குள் போட்டுக்கொண்டாள். போகும்போது கோழித் தோல் பாட்டிலையும் எடுத்துக்கொண்டாள். வீட்டில் பூனை இருக்கிறதாம். ஸ்பிரிட்டில் ஊறினதைப் பூனைக்குப் போடக் கூடாது என்று ஞானஜோதி படிவரை ஓடிப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வரவேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை வந்தது. அஞ்சம்மாளுக்குச் சந்தை, வர முடியாது. ஞானஜோதி தனியாகவே ஆரம்பித்தாள். நாலு கிண்ணம் சும்மா விட்டாள். நாலில் குரோம் தண்ணீர் மட்டும் வைத்தாள். மிச்சம் நாலில் முதலில் களிம்பைத் தடவி, அதன் மேல் குரோம் தண்ணீர். இதுவரை இப்படி எத்தனையோ சொட்டு வைத்திருக்கிறாள், ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு, வைப்பதற்கு முன்னால், யாரும் இல்லாத அறையில், "கொஞ்சம் பொறுத்துக்குங்கக்கா" என்று சத்தமாகவே சொன்னாள். சொன்ன பிறகு சுற்றுமுற்றும் பார்த்து அசடு வழிந்தாள்.

சனிக்கிழமை, ஒரு நாள் முழுதும் ஆன பிறகு, எல்லாவற்றையும் கழுவிச் சாயம் ஊற்றினாள். உயிரோடு இருக்கிற தோலில் அந்தச் சாயம் கருநீலமாக ஏறும். செத்த தோலில் ஏறாது, வெளுப்பாகவே நிற்கும். மூன்று மணி நேரம் காத்திருந்தாள். சும்மா விட்ட நாலும் மை கொட்டினாற்போலக் கருநீலமாயின. குரோம் மட்டும் வைத்த நாலும் வெளுத்துப் போயின. களிம்பு தடவிய நாலையும் அவள் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாலும் வெளுப்பு. நடுவில் வட்டமாகக் கரைந்துகூட இருந்தது. களிம்பு குரோமைத் தடுக்கவில்லை. பிடித்து வைத்துக்கொண்டிருந்தது.

டெல்லியிலிருந்து நேராக வந்த பட்டாபிராமன் பெட்டியைக் கீழே வைக்காமலேயே பார்த்தார். முகம் மலர்ந்தது, உடனே வாடியது.

"பிரமாதமான வேலை ஞானஜோதி. ஆனா இதை இப்போ வெளியில சொல்லப்படாது. முதல்ல கம்பெனிக்கு எழுதணும், அவா பதில் போடணும், அப்புறம் இன்னொரு தடவை செஞ்சு பார்க்கணும், அறக்கட்டளைக்கு அறிக்கை அனுப்பணும். மூணு மாசம் ஆகும். முறைன்னு ஒண்ணு இருக்கோல்லியோ."

"அடுத்த வாரமே எல்லாருக்கும் களிம்பு குடுத்துடுவாங்க சார். கையுறை வராது."

"தெரியறது. ஆனா நாளைக்கு அந்தக் கம்பெனிக்காரன் வக்கீல் நோட்டீஸ் விட்டான்னா, நம்ம ரெண்டு ரூமும் டைப்ரைட்டிங் கிளாஸா ஆயிடும்."

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர், அவ்வளவுதான். ஞானஜோதிக்கும் பயம்தான். இந்த வேலை போனால், தோல் வளர்க்கிற பெண் என்று சொல்லிக்கொண்டு குரோம்பேட்டையில் வேறு எந்தக் கதவைத் தட்டுவது? ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடம் எடுக்க உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாள். அதுவும் பொய்தான் என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

திங்கட்கிழமை அஞ்சம்மாள் வந்தாள். பின்னாலேயே ஒல்லியாக, சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு முனிரத்தினம். பட்டாபிராமன் உள்ளறையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், அல்லது எழுதுவது போல இருந்தார்.

"சொல்லு," என்றாள் அஞ்சம்மாள்.

ஞானஜோதி ஒரு கணம் உள்ளறைக் கதவைப் பார்த்தாள். பிறகு கிண்ணங்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள்.

"களிம்பு ஒதவலக்கா. நீல நிறமா இருக்குற நாலும் உயிரோட இருந்தது. வெள்ளையா இருக்குறது எல்லாம் செத்துப்போனது. களிம்பு போட்டதும் செத்துப்போச்சு."

அஞ்சம்மாள் கணவனின் சட்டைக் கையை மேலே தள்ளி, அவர் கையைப் பிடித்துக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். கையில் இருந்த பொத்தலும் கிண்ணத்தில் இருந்த வட்டமும் ஒரே மாதிரி இருந்தன. முனிரத்தினம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நா சரியாத்தான் தடவுனேன்," என்றார். ஷாப்பில் யாரும் நம்பாத ஒன்றைக் கடைசியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நம்பியிருந்தது.

"எயுதிக் குடு," என்றாள் அஞ்சம்மாள். "வாயால சொன்னா மொதலாளி நம்ப மாட்டாரு. இந்தக் களிம்பு வேலைக்காவாது, கையுறதான் வோணும்னு காயிதத்துல எயுதி, கீய உம் பேரப் போட்டுக் குடு. ஷாப்பு சங்கத்து ஆளுங்க எடுத்துகினு போவாங்க."

உள்ளறை நாற்காலி கிறீச்சிட்டது. பட்டாபிராமன் வெளியே வந்தார். மூன்று பேரையும் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், முனிரத்தினத்தின் கையைச் சற்று அதிக நேரம் பார்த்தார். பிறகு ஆணியில் மாட்டியிருந்த குடையை எடுத்துக்கொண்டார். வெளியே நல்ல வெயில்.

"நான் காபி குடிச்சிட்டு வரேன்," என்றார். "அரை மணி ஆகும். லெட்டர் பேப்பர் ரெண்டாவது டிராயர்ல இருக்கு."

அவர் படியிறங்கும் சத்தம் கேட்டு முடியும் வரை ஞானஜோதி நின்றாள். பிறகு காகிதத்தை எடுத்து உட்கார்ந்து எழுதினாள். என்ன தோல், எத்தனை கிண்ணம், என்ன வைத்தது, என்ன ஆயிற்று என்று சுற்றி வளைக்காமல், ஷாப்பில் படித்துக் காட்டினால் எல்லோருக்கும் புரிகிற தமிழில். அடியில் வந்து பேனா நின்றது. பெயர் போட்டுவிட்டால் அது அவளுடையது. நாளைக்கு யார் வந்து கேட்டாலும் அவளைத்தான் கேட்பார்கள். ஐந்து நாளைக்கு முன்னால் இதே ஸ்டூலில் உட்கார்ந்து, தன் பெயர் ஒரு பாட்டிலில் இருப்பதற்கே பயந்த பெண்ணை அவள் நிமிர்ந்து பார்த்தாள். பெயர் எழுதுவது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.  எழுதிவிட்டாள். ஞா. ஞானஜோதி, எம்.எஸ்ஸி.

அஞ்சம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. முனிரத்தினம் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினார். கேட்டு முடித்ததும் அவள் காகிதத்தில் ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"இங்க இன்னா போட்டுக்குது?"

"சோதனை செய்த தோல், எண் நாலு," என்றார் முனிரத்தினம்.

அஞ்சம்மாள் யோசித்தாள். வலது காதிலிருந்து பஞ்சு போயிருந்தது. சீழும் நின்றிருந்தது. ஜிமிக்கி மட்டும் இன்னும் ஏறவில்லை.

"அத்த அடிச்சிட்டு எம் பேரப் போடு. நாலுன்னா யாருன்னு மொதலாளிக்குத் தெரியும்? அஞ்சம்மா, தொட்டி வேல முனிரத்தினம் பொஞ்சாதி. அப்பதான் ஒறைக்கும்." பிறகு இன்குபேட்டர் பக்கம் தலையை ஆட்டினாள். "பாட்டில்லயும் போட்டுடு. வேற களிம்பு எதனா வந்தா அதுலயே பாரு. கேக்காம எடுத்தியே, இப்ப நானே குடுக்கறேன்."

ஞானஜோதி பேனாவை மறுபடி எடுத்தாள். "மந்திரவாதி வந்தா என்னக்கா பண்றது?"

"வரட்டுமே," என்றாள் அஞ்சம்மாள். "நீதான் காவலுக்குக் கீறியே."